மலையகத்தில் மெட்டல் ஷோ: மண்டபம் பார்க்கப் போகும்போது

ஹட்டனிலோ பண்டாரவளையிலோ மெட்டல் ஷோவுக்கு, அதாவது கனமான கிட்டாரும் வேகமான ட்ரம்ஸும் உள்ள ரொக் இசை நிகழ்ச்சிக்கு, மண்டபம் தேடுகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை பேர் கொள்ளும்?" என்றுதான். அது கடைசியாகக் கேட்டாலும் போதும். கிக் ட்ரம்மை (காலால் மிதித்து அடிக்கிற பெரிய ட்ரம்) ஒரு அடி அடித்தால் சத்தம் எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது, மெயின் போர்டு எத்தனை அம்பியர் தாங்கும், தோட்டத்துக்குப் போகிற கடைசி பஸ் எத்தனை மணிக்கு: இந்த மூன்றுக்கும் பதில் சரியாக இருந்தால் 150 பேர் நிற்கிற சின்ன மண்டபமே போதும். இவை சரியில்லாவிட்டால் 600 பேர் கொள்கிற கல்யாண மண்டபத்தை எடுத்தும் பயனில்லை.

கொழும்பில் ஸ்டிக்மாட்டா, கண்டியில் பாரனோய்ட் எர்த்லிங் போன்ற பாண்டுகளால் இருபது வருடத்துக்கும் மேலாக இங்கே கனமான இசை வாசிக்கப்படுகிறது. ஆனால் கண்டிக்கு மேலே ஏறினால் கையில் கிடைப்பவை நகர சபை மண்டபம், கல்யாண மண்டபம், கோயில் அல்லது சேர்ச் மண்டபம், ஹோட்டல் ஹோல், தோட்டத்துக் கலாசார மண்டபம் இவ்வளவுதான். எல்லாமே பேச்சுக்கும் நாதஸ்வரத்துக்கும் பரிசளிப்பு விழாவுக்கும் கட்டியவை. ஆகவே கட்டடத்தை வைத்துத்தான் ஷோவை அமைக்க வேண்டும்.

எதிரொலியிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் அதிகம் சறுக்குவது அங்கேதான். 200 பிபிஎம் (நிமிடத்துக்கு 200 பீட்) வேகப் பாட்டில் டபுள் பெடலில், அதாவது இரண்டு காலாலும் கிக்கை அடிக்கிற மிதியில், ஒரு பீட்டுக்கு நாலு அடி விழுகிறது. ஒரு பீட் 300 மில்லிசெக்கன். ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையில் 75 மில்லிசெக்கன்தான். மண்டபத்தில் ஒரு அடியின் சத்தம் அடங்க மூன்று செக்கன் எடுத்தால், முதல் அடி தேயுமுன் நாற்பது அடி அதன்மேல் ஏறிவிடும். கேட்பவருக்கு அடி எதுவும் கேட்காது, ஒரே இரைச்சல்தான் கேட்கும். பாண்ட் சரியாக வாசிக்கவில்லை என்று கூட்டம் நினைத்துக்கொள்ளும். மெல்லிசைக் கச்சேரிக்கு இதே மண்டபம் இனிமையாக இருந்திருக்கலாம். அந்தப் பேரை நம்பி முற்பணம் கட்டக் கூடாது.

கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். 20 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம், 5 மீட்டர் உயரம்: நம் பக்கத்தில் சாதாரணமாகக் கிடைக்கிற அளவு. கொள்ளளவு 1200 கனமீட்டர். சீமெந்துச் சுவர், டைல்ஸ் தரை, பூசிய ஸ்லாப் எல்லாம் சேர்ந்து விழுகிற சத்தத்தில் நூற்றுக்கு ஐந்தைத்தான் விழுங்கும் என்று வைத்தால், வெறும் மண்டபத்தில் எதிரொலி அடங்க ஏறக்குறைய 4.8 செக்கன் ஆகும். 200 பேர் உள்ளே வந்தால் அது 1.5 செக்கன் வரை இறங்கும். "ஆள் வந்தால் சரியாகிவிடும்" என்று சவுண்ட்காரர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. மற்றப் பாதி என்னவென்றால், ஆட்களும் உடுப்பும் விழுங்குவது பெரும்பாலும் நடு ஒலியையும் உயர்ந்த ஒலியையும்தான். கிக்கும் பேஸ் கிட்டாரும் இருக்கிற 60 முதல் 125 ஹெர்ட்ஸ் பகுதியில் அவர்களால் அதிகம் ஒன்றும் ஆகாது. மெட்டல் அந்தப் பகுதியில்தான் நிற்கிறது. இந்த அளவு மண்டபத்துக்கு, ஆட்களோடு, தாழ்ந்த ஒலியும் சேர்ந்து ஒரு செக்கன் அளவில் அடங்கினால் நல்ல இடம்.

கை தட்டிப் பார்ப்பது போதாது. கைதட்டலில் தாழ்ந்த ஒலியே கிடையாது. கிக் ட்ரம்மையும் பெடலையும் த்ரீவீலில் ஏற்றிக்கொண்டு போங்கள். மேடையில் வைத்து முதலில் ஒற்றை அடி, பிறகு பாட்டின் வேகத்தில் டபுள் அடி. ஒருவர் 15 மீட்டர் தள்ளி நின்று அடிகளைப் பிரித்து எண்ண முடிகிறதா என்று பார்க்க வேண்டும். வெறும் மண்டபத்தில் ஓரளவு பிரிந்து கேட்டால்கூட எடுக்கலாம். "ம்ம்ம்" என்று ஒரே கோடாக இழுத்தால், வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேறு இடம் பாருங்கள்.

திரைச்சீலை, கம்பளி கட்டினால் சரியாகாதா என்று கேட்பார்கள். உயர்ந்த ஒலிக்குச் சரியாகும். மேடைக்குப் பின்னால் உள்ள சுவரிலும் எதிரே உள்ள சுவரிலும் பாரமான கம்பளியை, சுவரோடு ஒட்டாமல் 10 அல்லது 15 சென்டிமீட்டர் முன்தள்ளித் தொங்கவிட்டால் சிம்பலின் கூச்சலும் பாடகரின் குரல் சிதறுவதும் நன்றாகக் குறையும். 100 ஹெர்ட்ஸ் ஒலிக்கு அலைநீளமே 3.4 மீட்டர், துணியால் அதைப் பிடிக்க வேண்டுமானால் சுவரிலிருந்து 85 சென்டிமீட்டர் தள்ளிக் கட்ட வேண்டும். யாரும் அப்படிக் கட்டுவதில்லை. தாழ்ந்த ஒலியைக் குடிப்பவை மெல்லிய பலகைச் சீலிங், பலகை அடித்த சுவர், திறந்த கதவு, திறந்த ஜன்னல். அதனால்தான் வெள்ளைக்காரன் காலத்துப் பலகைச் சீலிங் மண்டபம் ஒன்று கிடைத்தால், பெயின்ட் உரிந்திருந்தாலும், கண்ணாடியும் கிரானைட்டும் போட்ட புது ஹோட்டல் ஹோலைவிட அதையே எடுக்கச் சொல்வோம்.

இதைக் கேட்டதும் சிலருக்குப் பழைய தேயிலைத் தொழிற்சாலையின் மேல்மாடி ஞாபகம் வரும். பலகைத் தரை, வரிசையாக ஜன்னல், போட்டோவுக்கு அழகு. வேண்டவே வேண்டாம். அந்தத் தட்டுகள் கொழுந்து வாட்டுவதற்குப் போட்டவை. ஒரு சதுர மீட்டருக்கு நாலு பேர் நின்றால் 280 கிலோ. அவர்கள் ஒரே தாளத்தில் குதிக்கும்போது தரைக்கு விழுகிற அடி நிற்கிற பாரத்தைவிடப் பல மடங்கு. ஆட்கள் கூடுகிற இடத்துக்குப் பொறியியலாளர்கள் வைக்கிற கணக்கு சதுர மீட்டருக்கு 500 கிலோ அளவு. நூறு வருடப் பலகையும் ஆணியும் அதைத் தாங்கும் என்று யாரும் எழுதித் தரமாட்டார்கள். மண்ணில் நேரே போட்ட சீமெந்துத் தரைதான் மெட்டலுக்கு. நம் நகரங்களில் இதிலும் ஒரு ஏமாற்று உண்டு: ரோட்டு மட்டத்தில் நுழைந்தால் கீழ்த்தளம் மாதிரித் தெரியும், பின்பக்கம் போய்ப் பார்த்தால் அதற்குக் கீழே சரிவில் இரண்டு மாடி தொங்கிக்கொண்டிருக்கும். கட்டடத்தைப் பின்பக்கத்திலிருந்தும் ஒரு தடவை பாருங்கள்.

அடுத்தது கரண்ட். ஐந்து பாண்ட் வாசிக்கிற சின்ன ஷோவுக்கு இப்படிப் போகும்: டியூப் அம்ப் (வால்வு உள்ள கிட்டார் அம்ப்ளிஃபயர்) இரண்டும் பேஸ் கிட்டார் அம்ப்பும் சேர்ந்து 1.5 கிலோவாட், நாலு ஸ்பீக்கர், இரண்டு சப் (தாழ்ந்த ஒலிக்கான பெரிய ஸ்பீக்கர்) உள்ள சவுண்ட் செட் பெட்டியில் 6 கிலோவாட் என்று எழுதியிருந்தாலும் சராசரியாக இழுப்பது 1.2 அளவு, எல்இடி பார் லைட் எட்டு 1.2, புகை மெஷின் சூடேறும்போது 1.5. கூட்டினால் 5.4 கிலோவாட், 230 வோல்டில் 23 அம்பியரைத் தாண்டும். சாதாரண சிங்கிள் பேஸ் (ஒரே ஒரு லைவ் வயர் வருகிற) இணைப்பு 30 அம்பியர். அப்போது கன்டீனில் யாரோ பிளேன்டீக்கு 2 கிலோவாட் கேத்தலைப் போடுவார். பிரேக்கர் விழும், ஷோ இருட்டில் நிற்கும். த்ரீ பேஸ் (மூன்று லைவ் வயர்) உள்ள மண்டபமாகத் தேடுங்கள். மேடைக் கருவிகளும் சவுண்ட் செட்டும் ஒரே பேஸில், லைட்டும் புகை மெஷினும் இன்னொன்றில், கன்டீன் மூன்றாவதில். வாசிப்பவர்கள் கை படுகிற எதையும் இரண்டு பேஸில் பிரித்துப் போடக் கூடாது. இரண்டு பேஸுக்கு நடுவே 400 வோல்ட். நியூட்ரல் இணைப்பையும் எலக்ட்ரீஷியனைக் கொண்டு இறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். த்ரீ பேஸ் போர்டில் நியூட்ரல் கழன்றால் ஒரு பேஸில் வோல்டேஜ் ஏறி, அதில் மாட்டிய எல்லாம் சில செக்கனில் கருகும்.

மல்டிமீட்டர் கையில் இல்லாமல் மண்டபம் பார்க்கப் போக வேண்டாம். சட்டப்படி 230 வோல்டில் 6 சதவீதம் கூடலாம், குறையலாம்: 216 முதல் 244 வரை. தோட்டத்து லைனின் கடைசியில் இருக்கிற மண்டபங்களில், மாலையில் எல்லா லயத்திலும் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) லைட்டு எரியத் தொடங்கியதும் இது கீழே இறங்கும். மின்கட்டணத்தில் உச்ச நேரமாகக் கணக்கெடுப்பதே மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை. பகலில் அளந்துவிட்டு இரவில் ஷோ வைக்காதீர்கள். வோல்டேஜ் இறங்கினால் டியூப் அம்ப் சோர்ந்து போகும், டிஜிட்டல் மிக்ஸர் பாட்டின் நடுவில் அணைந்து மறுபடி எழும்பும். மிக்ஸருக்கு மட்டுமாவது ஒரு சின்ன யூபிஎஸ் போடுங்கள்.

ப்ளக் சொக்கட்டில் எர்த் உண்மையில் இருக்கிறதா என்பது உயிர்ப் பிரச்சினை. லைவுக்கும் எர்த்துக்கும் நடுவே 230 அளவும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே இரண்டு மூன்று வோல்டுக்குள்ளும் காட்ட வேண்டும். எர்த் இல்லாத அம்ப்பில் மாட்டிய கிட்டாரைப் பிடித்துக்கொண்டு மைக்கில் உதடு வைத்தால் அடிக்கும். ஈரக் கையும் ஈரத் தரையும் சேர்ந்தால் ஆளையே கொல்லும். 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்ச் இல்லாத போர்டு என்றால் மேடைக்குத் தனியாக ஒன்று மாட்டச் சொல்லுங்கள், அதன் டெஸ்ட் பட்டனை அழுத்தி விழுகிறதா என்று பாருங்கள். ஹம் சத்தம் வருகிறது என்று எர்த் பின்னை வெட்டுகிற பழக்கம் இன்னும் இருக்கிறது. கருவியை மிக்ஸரோடு இணைக்கிற டிஐ பொக்ஸில் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச் அதற்குத்தான் வைத்திருக்கிறார்கள். எக்ஸ்டென்ஷன் வயர் 2.5 சதுர மில்லிமீட்டர், உருளையில் சுற்றியிருந்தால் முழுக்க அவிழ்த்து விரிக்க வேண்டும். சுற்றியபடியே விட்டால் நடுவில் சூடேறி உருகும்.

ஜெனரேட்டர் எடுத்தால் உயரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் ஏறக்குறைய 3.5 சதவீத பலத்தை இழக்கிறது. நுவரெலியா 1868 மீட்டர். அங்கே ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். கொழும்பில் 8 கிலோவாட் தருகிற 10 கேவிஏ மெஷின் மேலே வந்து ஆறரைக்குச் சற்றுக் குறைவாகத்தான் தரும். குளிருக்குப் பயந்து அதை வராந்தாவில், கதவுக்குப் பக்கத்தில் வைப்பார்கள். புகை உள்ளே வந்தால் கார்பன் மொனொக்சைட்டுக்கு வாசனை கிடையாது. காற்று அடிக்கிற திசை பார்த்து, கட்டடத்தை விட்டுத் தள்ளி வையுங்கள்.

குளிரும் மிஸ்ட்டும் கருவிகளோடு விளையாடும். இரவு முழுக்க டிமோ பட்டா லொறியில் குளிர்ந்து வந்த அம்ப்பை ஆட்கள் நிறைந்த மண்டபத்துக்குள் கொண்டுவந்தால் உள்ளே வியர்த்துவிடும். ஆட்கள் வருவதற்கு முன்பே இறக்கி, ஒரு மணித்தியாலமாவது சுவிட்ச் போடாமல் விட்டுவிடுங்கள். காலையில் குளிர்ந்த மண்டபத்தில் டியூன் பண்ணிய கிட்டார், 200 பேர் வந்து சூடேறியதும் சுருதி இறங்கும். ஏற்கெனவே தளர்த்திக் கட்டிய கம்பியில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். மேடை ஏறுவதற்கு ஐந்து நிமிடம் முன்பு, மண்டபத்துக்குள்ளேயே டியூன் பண்ண வேண்டும். டைல்ஸ் தரை மூச்சு ஈரத்தில் வழுக்கும். கூட்டம் சுற்றி ஓடுகிற நடுப்பகுதியில் ஒருவர் விழுந்தால் பத்துப் பேர் அவர் மேல். சொரசொரப்பான சீமெந்துத் தரைதான் நல்லது.

மழைக்கு நாட்காட்டி பார்த்தால் போதும். மே முதல் செப்டெம்பர் வரை ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா பக்கம் நனையும். அதே காலத்தில் பண்டாரவளை, பதுளை பக்கம் காய்ந்திருக்கும். நவம்பர் முதல் ஜனவரி வரை பண்டாரவளை, பதுளை இருக்கிற ஊவாப் பக்கம் நனையும். ஜனவரி பிற்பகுதி முதல் மார்ச் ஆரம்பம் வரை மேற்குச் சரிவுக்கு நல்லது. இடிமின்னல் காலம் மார்ச் ஏப்ரலும் ஒக்டோபர் நவம்பரும், அதுவும் பின்னேரத்தில்தான். சீலிங் இல்லாத தகரக் கூரையின் கீழ் பெருமழை வந்தால் இரைச்சல் சேர்க்காத கிளீன் கிட்டார் பகுதி எதுவும் கேட்காது. மேடைக்கு மேலே ஒழுகுகிறதா என்பதை வெயில் நாளில் கண்டுபிடிக்க முடியாது, சீலிங்கில் மஞ்சள் வட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். மண்சரிவு எச்சரிக்கையைத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக வெளியிடுகிறது. மண்டபம் இருக்கிற பிரிவுக்கு மட்டுமல்லாமல், ஆட்கள் வருகிற பாதைக்கும் பார்க்க வேண்டும்.

ஷோவைப் பகலில் வைப்பதா இரவில் வைப்பதா என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை: பகலில். தோட்டப் பாதைகளில் கடைசி பஸ் பொழுது சாய்வதோடு போய்விடுகிறது. பஸ் நிலையத்தில் டைம்கீப்பரிடம் ஒவ்வொரு பாதைக்கும் கடைசி பஸ் நேரத்தைக் கேட்டு எழுதிக்கொண்டு, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். 1 மணிக்கு முதல் பாண்ட், நாலு பாண்டுக்கு 35 நிமிடம் வாசிப்பும் 15 நிமிடம் மாற்றமும், கடைசிப் பாண்டுக்கு ஒரு மணித்தியாலம். 5.20க்கு முடியும். 15 நிமிடத்தில் மாற்ற வேண்டுமானால் ட்ரம் செட்டும் கேபினட்டும் பொதுவாக இருக்க வேண்டும். ஸ்னேர், சிம்பல், பெடல், அம்ப் ஹெட் மட்டும் அவரவருடையது. பகல் ஷோவுக்குப் பிள்ளைகளை அனுப்ப, அதிலும் பொம்பளைப் பிள்ளைகளை அனுப்ப, வீட்டிலும் சம்மதிப்பார்கள். கொண்டி உள்ள பெண்கள் டொய்லட்டும் அங்கே ஒரு பல்பும் இருக்கிறதா என்பதையும் அதே மூச்சில் பார்த்துவிடுங்கள்.

திகதியைப் பொறுத்தவரை, தோட்டத்தில் சம்பளம் 10 ஆம் திகதி. அதற்கு அடுத்த ஞாயிறு டிக்கெட் போகும். மாதக் கடைசியில் போகாது. போயா (பௌர்ணமி விடுமுறை), பரீட்சைக் காலம், அந்த ஊர்க் கோயில் திருவிழா மூன்றையும் தவிருங்கள்.

ஒலிபெருக்கி அனுமதி பொலிஸில் எடுக்க வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கியைக் கட்டுப்படுத்தி 2007 இல் உயர் நீதிமன்றம் தந்த தீர்ப்பு இருக்கிறது. பகல் ஷோ அந்தச் சிக்கலையும் தவிர்க்கிறது. டிக்கெட் விற்பதானால் அச்சடிக்கும் முன்பே நகர சபையில் அல்லது பிரதேச சபையில் களியாட்ட வரி பற்றிக் கேட்டுவிடுங்கள். கடிதத்தோடு பாடல் வரிகளின் கருத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தால் பாதிச் சந்தேகம் தீரும், ஏனென்றால் அந்தக் குரலில் என்ன பாடுகிறார்கள் என்று வெளியே நிற்கிறவருக்கு விளங்காது. கோயில் அல்லது சேர்ச் மண்டபத்தில் வைத்துக்கொண்டு போஸ்டரில் இரத்தமும் தலைகீழ்ச் சிலுவையும் போடுவது தேவையில்லாத வம்பு.

பள்ளத்தாக்கில் சத்தம் போகிற விதம் சமதரையில் மாதிரி இல்லை. மண்டபத்துக்குப் பின்னால் மண் மேட்டோடு ஒட்டிய வீட்டில் ஒன்றும் கேட்காது. எதிர்ச் சரிவில் ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற லயத்தில் கிக் ட்ரம் ஒவ்வொரு அடியாகக் கேட்கும். பொழுது சாய்ந்து கீழே குளிர்காற்று தேங்கினால் சத்தம் மேலே போகாமல் வளைந்து இறங்கும், இன்னும் தூரம் போகும். சவுண்ட் செக் நேரத்தில் ஒருவர் எதிர்ச் சரிவில் நின்று போனில் சொல்ல வேண்டும். முறைப்பாடு வருவது அங்கிருந்துதான். உள்ளே எவ்வளவு சத்தம் என்பதற்கு உலக சுகாதார நிறுவனம் 2022 இல் வைத்த எல்லை 15 நிமிடச் சராசரி 100 டெசிபெல். சின்ன மண்டபத்தில் ட்ரம்ஸ் மைக் இல்லாமலேயே அதற்குக் கிட்டப் போய்விடும். கிட்டார் அம்ப்பை நேரே கூட்டத்தின் முகத்துக்குத் திருப்பாமல் மேடைக்குக் குறுக்கே சரித்து வைத்தால், மிக்ஸரில் இருப்பவருக்குக் குரலை மேலே கொண்டுவர இடம் கிடைக்கும். மிக்ஸரைப் பின்சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், அங்கே தாழ்ந்த ஒலி பெருகிக் கேட்கும், மிக்ஸரில் இருப்பவர் அதைக் குறைத்துவிடுவார், முன்னால் நிற்பவர்களுக்கு அடியே இருக்காது. மண்டபத்தின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கில், நடுவே வையுங்கள். சப் இரண்டையும் மூலைக்கு ஒன்றாகப் பிரிக்காமல் மேடைக்கு முன்னால் நடுவில் சேர்த்து வைத்தால் மண்டபம் முழுக்க ஒரே மாதிரிக் கேட்கும்.

மேடை 20 அடிக்கு 14 அடி, உயரம் இரண்டரை அடி, ட்ரம்ஸின் கீழே கம்பளமும் கிக்குக்கு முன்னால் ஆணி அடித்த ரீப்பையும். இவ்வளவு போதும். கதவு இரண்டு, வெளிப்பக்கம் திறக்கக் கூடியவையாக. திறந்ததும் செங்குத்தான படி இறங்கினால் அந்தக் கதவில் ஒருவரை நிறுத்துங்கள். அவசரத்தில் ஓடுகிறவர் படியைப் பார்க்கமாட்டார். லொறி நிற்கிற இடத்திலிருந்து மேடை வரை எத்தனை படி என்று எண்ணுங்கள். ஒரு சப் 45 கிலோ, நாலு ஸ்பீக்கர் உள்ள கிட்டார் கேபினட் ஒன்று 40 கிலோ. ஐம்பது படி என்றால் ஆறு பேர் வேண்டும்.

பிளாஸ்டிக் கதிரைகளை மண்டபத்தை விட்டே வெளியேற்றிவிடுங்கள். ஓரமாக அடுக்கி வைத்தால் இரண்டாவது பாட்டுக்குள் ஒருவர் இழுத்துப் போட்டு உட்காருவார், அவரைப் பார்த்து நாற்பது பேர் உட்காருவார்கள். அதன் பிறகு மேடையில் யார் வாசித்தாலும் அது பாடசாலைப் பரிசளிப்பு விழாதான்.

முன்பதிவுக் கடிதத்தில் "இசை நிகழ்ச்சி" என்று மட்டும் எழுதிவிட்டுப் போகாதீர்கள். அன்று வந்து சத்தத்தைக் கேட்டதும் மெயின் சுவிட்சை இறக்குகிற பொறுப்பாளர்கள் உண்டு. ட்ரம்ஸ் உள்ள மெட்டல் இசை, கூட்டம் நின்றபடி பார்க்கும், கதிரை அகற்றப்படும், காலை 8 மணிக்குத் திறப்பு தர வேண்டும், இத்தனை மணிக்கு முடியும், மெயின் போர்டு அறையின் திறப்பு நம் எலக்ட்ரீஷியனிடம் இருக்கும்: எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். சுவர், ஜன்னல், டொய்லட் எல்லாவற்றையும் காலையிலேயே வாச்சர் பக்கத்தில் நிற்கும்போது போனில் வீடியோ எடுத்து வையுங்கள். ஏற்கெனவே உடைந்திருந்த கண்ணாடிக்கு முற்பணத்தில் கழிப்பது எல்லா ஊரிலும் நடக்கிறது.